கண்ணாடியில் வைத்த பொட்டு

என் கணவர் உமேஷின் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்குக் கிடைத்தது ‘குங்கும லென்ஸ்’. போன வருடம் ஆயுத பூஜையன்று வைத்தார்கள். அதற்கப்புறம் வந்த கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதிலும் அந்தப் பெயர் என்னை விட்டபாடில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும்போதுகூட யாராவது தன் போனை நீட்டி, இதற்கும் ஒரு பொட்டு வையேன் சுப்ரஜா என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால், பார் கோபத்தை என்பார்கள். சிரித்துவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

உமேஷுக்குக் கிண்டியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. வாரம் முழுக்கத் தாம்பரம் ஸ்டேஷனும் மின்சார ரயிலுமாகப் போய்விடும். ஞாயிறு விடிந்தால் சேலையூர் ஏரிக்கரையில் பறவைகளைப் படம் எடுக்கப் போவார். அதற்காக ஒரு போனஸ் முழுவதையும் போட்டு ஒரு பெரிய ஜூம் லென்ஸ் வாங்கினார். தூரத்துக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணைக்கூடப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ் அது. அதை வைப்பதற்கென்றே பல்லாவரத்தில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லி அரக்கு நிறத்தில் ஒரு பை தைத்து வாங்கினார். உள்ளே வெல்வெட், வெளியே அவர் பெயரின் முதல் எழுத்து. தூசி படும், ஆள் கை படும் என்று பொத்திப் பொத்தி வைப்பார். மழைக்காலம் வந்தால் பை பீரோவை விட்டு வெளியே வராது. என் கல்யாணப் புடவைக்குக்கூட அந்த பீரோவில் அவ்வளவு மரியாதை கிடையாது.

போன வருடப் பூஜைக்கு அவரே அந்த லென்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி, அவருடைய லேப்டாப், நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்குக் கொண்டுபோகும் பெரிய மரக் காம்பஸ், எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். லென்ஸ் முறை வந்தது. மூடிமேல் வைத்தால் தொப்பிக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்குமே, முகத்துக்கு அல்லவா வைக்கவேண்டும் என்று தோன்றியது. மூடியைக் கழற்றி, கண்ணாடியின் நட்ட நடுவில், வட்டமாக, அழகாக வைத்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, மையம் பிசகவில்லை.

உமேஷ் வந்து பார்த்தார். கூடத்தில் அவருடைய அக்கா ஜெயஸ்ரீயும் அத்திம்பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கத்தினார். படித்தவள் செய்கிற காரியமா, விலை தெரியுமா, இனி என் சாமானைத் தொடாதே என்று என்னவெல்லாமோ சொன்னார். அவர் துடைக்கக் கை நீட்டியபோது ஜெயஸ்ரீ அக்கா தடுத்துவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமிக் காலையில் புனர்பூஜை ஆகும்வரை யாரும் அசைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே என் பொட்டு மறுநாள் காலைவரை அந்தக் கண்ணாடியிலேயே காய்ந்து கிடந்தது. உமேஷ் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

மறுநாள் துடைத்தார். அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போய் எடுத்துவந்த படங்கள் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்த மாதிரி மங்கலாக இருந்தன. அத்தோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நானும் மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. நான்தான் கெடுத்தேன் என்று முழுமனதாக நம்பினேன். அன்றிலிருந்து அவர் மேஜையைத் தூசி தட்டக்கூடக் கை கூசியது. தை மாதம் என் நகைச்சீட்டு முடிந்தபோது, வளையல் வாங்க வைத்திருந்த அந்தப் பணத்தை அவர் கையில் கொடுத்து வேறு லென்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு முறை வேண்டாம் என்றார். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த வருடம் நவராத்திரி நெருங்கியது. மறுபடி ஜெயஸ்ரீ அக்கா வருவார், மறுபடி அதே பேச்சு வரும். பழைய லென்ஸ் பீரோவில் பையோடு அப்படியே கிடந்தது. எவனாவது வந்தால் கொடுத்துத் தொலை என்று உமேஷ் பல தடவை சொல்லியிருக்கிறார். சரி, அவருக்குத் தெரியாமல் நல்ல விலைக்கு விற்றுப் பணத்தை அவர் கையில் வைப்போம், என் பாவம் கொஞ்சம் கரையட்டும் என்று நினைத்தேன். பழைய சாமான் விற்கும் ஆப்பில் விளம்பரம் போட்டேன். என் பொட்டு எவ்வளவு விலையைத் தின்றது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் குங்குமக் கறை பட்டது என்று உண்மையை எழுதினேன். கறை என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்றவர் சிட்டிபாபு ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, உமேஷ் ஏரிக்குப் போயிருந்த நேரத்தில் புல்லட்டில் வந்து இறங்கினார். கழுத்தில் தாம்புக்கயிறு கனத்தில் சங்கிலி. குரோம்பேட்டையில் அவர் தாத்தா நெல் விளைவித்த இடத்தில் இப்போது அவருக்கு வரிசையாகக் கடைகள். ஒன்றை மட்டும் வாடகைக்கு விடாமல், பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்கிறார். இதையெல்லாம் நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

லென்ஸைக் கையில் எடுத்ததும், பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி குறை சொல்ல ஆரம்பித்தார். ரப்பர் வெளுத்துவிட்டது, வளையம் இறுக்கமாகச் சுற்றுகிறது, மாட்டுகிற இடத்தில் கீறல். நல்ல நிலையில் இருந்தால் அறுபதாயிரம் போகிற சரக்கு என்றார். ஒவ்வொரு குறைக்கும் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தார். நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பொட்டு வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“குங்குமமா? ஆயுத பூஜை முடிஞ்சா பத்து பேரு இத்தத் தூக்கினு வருவாங்க. அது மேல் கண்ணாடிக்கா, தொடச்சா போச்சு. சுத்தமா கீது பாரு. இதுக்கோசரம் ஒத்த ரூபா கொறைக்க மாட்டேன்.”

அப்படியானால் படம் ஏன் மங்கல் என்று கேட்டேன். போனில் டார்ச்சைப் போட்டு லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்னால் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே, ஆழத்தில், பழைய ரவையில் புழு விழுந்தால் கட்டுமே, அந்த மாதிரி வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது.

“பூஞ்சைக்கா. ரெண்டு மூணு மழைக்காலமா உள்ள வளந்துகினு கீது. காத்து படாம மூடி வெச்சா வரும். பன்னெண்டாயிரம்தான் குடுக்க முடியும்.”

பன்னிரண்டாயிரமா என்று எனக்கு வருத்தமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நான் இல்லை. நான் கெடுக்கவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதில் பழி விழுந்த இடம் நான். யார் எவர் என்று தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குங்கும லென்ஸ் என்ற பெயரை, பந்தியில் நடக்கும் கேலியை, நகைச்சீட்டுப் பணத்தைக்கூடச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். உமேஷ் வந்ததும் இதைச் சொன்னால் பதறிப்போவார், பாவம், தன் பீரோதான் கெடுத்தது என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும், மெதுவாகச் சொல்லவேண்டும் என்றெல்லாம் யோசித்தேன். ஆமாம், அவருக்காகப் பரிதாபப்பட்டேன். சந்தோஷ வேகத்தில் உள்ளே போய்த் தோல் பையை எடுத்துவந்து, இதையும் சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

சிட்டிபாபு பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேலிருந்த எழுத்தைத் தடவினார். இந்தப் பையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். அதே நேரத்தில் கதவு திறந்தது. புது லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு உமேஷ் உள்ளே வந்தார்.

“அட, நம்ம சாரு! இது உங்க வூடா?” சிட்டிபாபு எழுந்தே விட்டார். “அப்பவே இன்னா சார் சொன்னேன்? இந்தத் தோல் பைதான் எமன், பீரோல போட்டுப் பூட்டாத, வெளிய எடுத்து வைன்னு சொன்னேனா இல்லியா?”

உமேஷ் வாசலிலேயே நின்றார். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார், இன்னொன்று காலில் இருந்தது. நான் சிட்டிபாபுவிடம், எப்போது என்று கேட்டேன்.

“போன தீபாவளிக்கு முன்னாடிக்கா. கடைக்கு எடுத்தாந்தாரு. குங்குமக் கறைய எடுக்கணும்னாரு. கறையே இல்ல சார், உள்ள பூஞ்சைன்னு இதே மாதிரி லைட் அடிச்சுக் காட்டினேன். யோசிச்சு சொல்றேன்னு போனாரு.”

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. நான் பணம் கொடுத்தது தையில். வளைகாப்பு மாசியில். இந்த வரிசையைப் போட்டுப் பார்க்கக் கணக்கு டீச்சராக இருக்கவேண்டியதில்லை. சிட்டிபாபுவும் போட்டுப் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. சற்றுமுன் நான் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, வீட்டில் சொல்லவில்லையா சார் என்றார்.

உமேஷ் இன்னொரு செருப்பைக் கழற்றக் குனிந்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

“சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளி ஆள் முன்னால் கணவர் தலைகுனியக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ எனக்குள் எழுதிவைத்தது தானாக வந்துவிட்டது. சொன்ன மறுநிமிடம் உடம்பெல்லாம் கூசியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் அந்தப் பூசணிக்காயை இப்போதுதான் சிட்டிபாபு கையில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உமேஷுக்காக வெட்கப்பட்டேனா, எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிட்டிபாபு லென்ஸை எடுத்து மூடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அதுவரை ரப்பர் வெளுத்ததற்குக்கூட விலை குறைத்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல், பதினைந்தாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். நான் கேட்கவேயில்லை. அந்தக் கூடுதல் மூவாயிரம் லென்ஸுக்கு இல்லை, எனக்கு. அன்றைக்கு நான் பட்டதிலேயே பெரிய அவமானம் அந்த மூவாயிரம்தான்.

“பன்னெண்டு சொன்னீங்க. பன்னெண்டே குடுங்க.”

அவர் மறுபேச்சு பேசாமல் போனிலேயே பணத்தை அனுப்பினார். பையை மட்டும் வேண்டாம் என்று டீப்பாயில் வைத்துவிட்டுப் போனார். புல்லட் சத்தம் கேம்ப் ரோடு திரும்பித் தேய்ந்தது.

பிறகு உமேஷ் பேசினார். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாராம். அக்கா முன்னால் அவ்வளவு கத்திவிட்டு, பத்து நாள் கழித்துக் கெடுத்தது தான்தான் என்று எப்படிப் போய்ச் சொல்வது என்று தள்ளிப்போட்டாராம். தள்ளத் தள்ளக் கனம் கூடிவிட்டதாம். பணம் கொடுத்தபோது வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேனே என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வளைகாப்பில் எல்லோரும் என்னைக் கேலி செய்தபோது நீங்களும் கூடச் சிரித்தீர்களே, எதை நினைத்துச் சிரித்தீர்கள் என்றேன். அவர் உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதில் அந்தப் பாவமும் போய்விட்டது.

“அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், சுப்ரஜா.”

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் அன்பு கரை புரண்டது. கேட்காமலே மல்லிகைப்பூ வந்தது. துணி தானாக மடிந்தது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து பால் காய்ச்சினார். டிக்காஷன் தண்ணீர் மாதிரி இருந்தது, குடித்தேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், போதுமா என்று கேட்கிற மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கேட்டது பூ இல்லை. என் பெயர் அவருடைய குடும்பத்தில் ஒரு வருடமாக நாறிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டிய இடம் எங்கள் சமையலறை இல்லை.

பூஜையன்று ஜெயஸ்ரீ அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். நான் பலகையில் எல்லாவற்றையும் அடுக்கி, சந்தனம் குழைத்து, மரக் காம்பஸுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். உமேஷ் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கையில் புது லென்ஸ், என் வளையல் லென்ஸ். அவரே மூடியைக் கழற்றி, கண்ணாடி மேலே பார்க்கும்படி என் முன்னால் நீட்டினார்.

“கண்ணாடியிலயே வை. ஒண்ணும் ஆகாது.”

ஜெயஸ்ரீ அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தார். டேய், போன தடவை பட்டது போதாதா, மறுபடியும் குங்கும லென்ஸா என்றார். அத்திம்பேர் வழக்கம்போலச் சிரித்தார். உமேஷ் என்னைப் பார்த்தார், ஏதோ பெரிய பரிகாரம் செய்துவிட்ட பெருமை கண்ணில் இருந்தது. அதோடு, பழக்க தோஷம், அக்கா பேச்சுக்கு அவர் உதடும் கொஞ்சம் விரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் இது மனைவியை மன்னித்த பெருந்தன்மையாகத்தான் தெரியும். தப்பு செய்தவர் மன்னிக்கிறவராக நிற்கிறார், நான் அதற்குப் பொட்டும் வைக்க வேண்டும்.

சந்தனம் தொட்ட விரலை அப்படியே பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

“ஏன் ஒண்ணும் ஆகாதுன்னு அக்காகிட்ட சொல்லுங்க. அப்புறம் வைக்கிறேன்.”

என்னடா என்றார் ஜெயஸ்ரீ அக்கா. உமேஷ் லென்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. சிட்டிபாபு முன்னால் என் வாய் எப்படித் தானாகத் திறந்ததோ, அப்படி இப்போதும் திறக்கப் பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். விரலில் சந்தனம் காய்ந்து இழுத்தது.

“அக்கா, அந்த லென்ஸ் பொட்டுல கெடல. என் பையால கெட்டுது. போன தீபாவளிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது போலிருக்கிறது. பூஞ்சையைச் சொன்னார், குரோம்பேட்டைக் கடையைச் சொன்னார், என் நகைச்சீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டதையும் சொன்னார். அங்கே வரும்போது அவர் குரல் உடைந்தது. காது மடல் சிவந்திருந்தது. ஐம்பதை நெருங்கும் மனிதர், ஹோம்வொர்க் செய்யாத பையன் மாதிரி வேட்டியும் லென்ஸுமாக நடுக்கூடத்தில் நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் அவமானம் என் உடம்பிலும் ஊறியது. பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. முழுவதையும் அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

அத்திம்பேர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஜெயஸ்ரீ அக்கா கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“சரி சரி, விடு. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு.”

“நல்ல நாள்லதான் அக்கா ஆரம்பிச்சுது,” என்றேன்.

நான் விரலைத் துடைத்துக்கொண்டு, உமேஷின் கையிலிருந்து லென்ஸை வாங்கி மூடியை மாட்டினேன். புதிதாகச் சந்தனம் தொட்டு, இந்தத் தடவை தொப்பிக்கே இருக்கட்டும் என்று மூடியின்மேல் ஒரு பொட்டு வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தேன்.